கடையாணி விலை

ஒரு கொல்லரின் வலக்கையை உடைக்கச் செய்தவன் நான். பொய் என்று தெரிந்தே ஒரு கடிதம் எழுதினேன். அந்தக் கடிதத்தால் அவர் கை போயிற்று. இதை என் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அவள் போய்விட்டாள். எனக்கும் நாள் அதிகமில்லை. ஆகவே எழுதி வைக்கிறேன்.

வேலூர் மிஷன் பள்ளியில் மெட்ரிகுலேஷன் வரை படித்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் தங்கவயலுக்கு வந்தேன். அப்போது மாரிகுப்பம் வரை ரயில் கிடையாது. இயந்திரம், குழாய், கரி, அரிசி எல்லாம் பவுரிங்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில்தான் சுரங்கத்துக்கு வரும். மர அச்சு வண்டிகள் பாரம் தாங்காமல் முறிந்து பாதையை அடைத்துக்கொண்டதால், இருசு என்கிற இரும்பு அச்சு போட்ட வண்டிக்கு மட்டுமே சுரங்க லோடு என்று உத்தரவாயிற்று. அந்த இருசுகளை மதராஸ் பட்டறையிலிருந்து வரவழைத்து விற்க ஒரே ஒரு கடைதான் இருந்தது. நான் அந்தக் கடையின் கணக்கப்பிள்ளை.

இருசின் முனையில் ஒரு துளை இருக்கும். சக்கரத்தை மாட்டியபின் அந்தத் துளையில் விரல் நீளத்துக்கு ஓர் ஆணியைச் செருகுவார்கள். அதுதான் கடையாணி. அது இல்லையென்றால் சக்கரம் கழன்றுவிடும். பாரம் ஏற்றி மேடும் பள்ளமுமாக ஓடுகிற வண்டிக்கு மாதம் ஒரு கடையாணியாவது முறியும். முதலில் வந்த இருசுகளில் துளை வட்டமாக இருந்தது. எந்தக் கொல்லரும் இரண்டணாவுக்கு ஆணி அடித்துக் கொடுத்துவிடுவார்.

இருசு ஒருமுறை வாங்கினால் பத்து வருஷம் உழைக்கும், லாபத்தை ஆணியில்தான் எடுக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொன்னவன் நான். இனி வரும் இருசுகளில் துளையைச் சதுரமாக, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கும்படி போடச் சொல்லிப் பட்டறைக்கு எழுதியதும் நான். அதற்குப் பொருந்தும் ஆணி எங்களிடம் மட்டுமே கிடைக்கும். நாலணாவுக்கு விற்றோம். ஆறு மாதத்தில் எட்டணா ஆக்கினோம், பிறகு பன்னிரண்டணா. ஒற்றை ஆணி கேட்டவர்களிடம் ஜோடியாகத்தான் விற்பனை என்றோம்.

என் மருமகன் இப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். ஒரு சங்கிலிக்கு ராபர்ட்சன்பேட்டையில் போன வருஷத்தைவிட இரட்டை விலை கேட்கிறார்கள், ஏன் என்று கேட்டால் சீமையிலிருந்து கப்பல் வரவேண்டும் என்கிறார்கள் என்று என்னிடம் வந்து திட்டுவார். நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மதராஸிலிருந்து சரக்கு வரவில்லை என்று நாங்களும் சொன்னதுண்டு. ஆணிகள் பின்கட்டில் சாக்குச் சாக்காகக் கிடந்தன.

ஒரு கோடைக்காலக் காலையில் குடியாத்தம் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"ஒரு ஆணி குடு, கணக்கப்புள்ள. பவுரிங்பேட்டையில லோடு காத்துக்கினு கீது."

"ஜோடி ஒன்றரை ரூபாய்," என்றேன்.

"ஒண்ணுதாம்பா ஒடைஞ்சிது. இன்னொண்ணு நல்லாத்தான் கீது."

உள்ளிருந்து முதலாளி, "ஒத்த செருப்பு விக்கறவன் எவனாவது கீறானா? போய் ஜோடிக்குத் துட்டு எடுத்துக்கினு வா," என்றார்.

"செருப்பு விக்கறவன் காலு அளவு பாப்பான் மொதலாளி. நீ எங்க கழுத்து அளவு இல்ல பாக்கற."

கடையில் நின்றிருந்த மற்ற வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். முதலாளி எழுந்து வந்து, பலகைமேல் கிடந்த இரும்பு முழக்கோலால் அவர் வாயில் அடித்தார். இரண்டாவது அடியில் பற்கள் பலகைமேல் விழுந்தன. அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனதும் நான் ஈரத்துணி கொண்டு பலகையைத் துடைத்தேன்.

அவர் வேலங்குச்சியைச் சீவித் துளையில் அடித்துக்கொண்டு லோடு ஏற்றப் போனார். திரும்பி வருகையில் இறக்கத்தில் குச்சி முறிந்து சக்கரம் கழன்றது. மேலிருந்த இரும்புக் குழாய்கள் சரிந்து ஒரு மாட்டின் முன்னங்கால்களை நசுக்கிவிட்டன. அது எழ முயன்று முயன்று விழுந்ததாம். கடைசியில் அவரே கடப்பாரையால் அதன் நெற்றியில் அடித்து முடித்தார். அப்போதும் ஒரே அடியில் முடியவில்லை என்று கூட வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

எங்கள் கடைக்கு எதிரே, சுரங்கத்துக்குச் சொந்தமான நிலத்தில் ஓலைக்கூரையின் கீழ் ஒரு கொல்லர் உலை வைத்திருந்தார். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். அந்த வண்டிக்காரர் இருசைக் கழற்றி அவரிடம் கொண்டுபோனார். கொல்லர் ஈரக் களிமண்ணைத் துளைக்குள் அழுத்தி, நிழலில் சற்றுக் காயவிட்டு, மெதுவாகத் தள்ளி வெளியே எடுத்தார். துளையின் உருவம் அப்படியே கையில் வந்துவிட்டது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆணியை அடித்தார். இரண்டணா. எங்களுடையது வார்ப்பிரும்பு. அவருடையது எஃகு, முறியவே இல்லை. ஒரு மாதத்தில் எங்கள் கடையில் ஆணி கேட்பாரில்லை.

அந்த எஃகு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். பாறையில் துளை போட்டுத் தேய்ந்த கம்பிகளைச் சுரங்கத்தார் ஏலம் விடுவார்கள். நாங்கள் மொத்தமாக எடுத்துக் கொல்லர்களுக்கு எடை போட்டு விற்போம். அவருக்கு எடை போட்டவன் நான்.

முதலாளி என்னை அழைத்து, "அந்த ஒல எரியக் கூடாது. நீ படிச்சவன், ஒரு வழி பாரு," என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வழியை நானே கண்டுபிடித்தேன். ஏலச்சீட்டு இல்லாமல் சுரங்கத்து எஃகு ஒரு சாண் வெளியே இருந்தாலும் திருட்டுத்தான் என்பது அங்கே சட்டம். கொல்லரிடம் சீட்டு கிடையாது, சீட்டு எங்கள் பெயரில். சுரங்க ஆபீசுக்கு நல்ல இங்கிலீஷில், பிழையில்லாமல், திருட்டு எஃகு இன்ன உலையில் ஆணியாகிறது என்று எழுதினேன்.

மறுநாள் உச்சிவெயிலில் சுரங்கக் காவலர்கள் ஐந்து பேர் வந்தார்கள். நான் கடை வாசலில் நின்றிருந்தேன். முதலில் கூரையைப் பிடுங்கினார்கள். கொல்லர் ஓடவில்லை. என் பக்கம் கைகாட்டி, "வெலைக்கி வாங்கினதுங்க. அதோ நிக்கறாரே கணக்கப்புள்ள, அவர்தான் எட போட்டாரு. அவரயே கேளுங்க," என்றார்.

காவலர் தலைவன் திரும்பி, "என்ன, உன் கடையில் விற்றதா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

கொல்லர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் அவரை மண்டியிட வைத்து, வலக்கையை, அவர் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக் கல்மேல் இழுத்து வைத்தார்கள். ஒருவன் அவருடைய சம்மட்டியையே எடுத்தான். அவர் மனைவி பாய்ந்து ஒரு காவலனின் புஜத்தைக் கடித்துத் தொங்கினார். அந்த அம்மாளின் தலைமுடியைப் பற்றி இழுத்து, மண்டையை உலைச் சுவரில் மோதினார்கள். சம்மட்டி மூன்று தடவை விழுந்தது. சத்தம் அதிகமில்லை, ஈரக் கட்டையைப் பிளப்பதுபோல இருந்தது. மூன்றாவது அடிக்குப் பிறகு கல்மேல் இருந்ததைக் கை என்று சொல்ல முடியாது.

அந்த வாரம் ஆணி விலையை ஒரு ரூபாயாக்கினோம். முதலாளி எனக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன்.

நான்கு மாதம் கழித்துப் பாதையோரத்தில் கொல்லரைப் பார்த்தேன். மனைவியோடு உட்கார்ந்து இடக்கையால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. ஒரு வண்டி கடந்து போயிற்று. அவர் வேலையை நிறுத்திவிட்டு, அதன் சக்கர முனையையே கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். அதில் இருந்தது அவர் அடித்த ஆணி.

மறுநாள் சுரங்க ஆபீசுக்குப் போய் நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த துரை இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "எது பொய்?" என்றார். முதலாவது என்றேன். "பொய் எழுதுகிறவனின் இரண்டாவது கடிதத்தை நான் ஏன் நம்ப வேண்டும்?" என்றார். கம்பி விற்றதற்கு என் கையெழுத்தில் இருந்த கடைச் சீட்டைக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, கொல்லருக்கு உலை வைக்க அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடித்தவர்கள் வேலையில்தான் இருந்தார்கள்.

அன்று மாலையே முதலாளியின் ஆட்கள் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் வண்டிச் சக்கரத்துப் பட்டை இரும்பால் அடித்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் வெளியே தள்ளினார்கள்.

எழுந்து நடக்க முடிந்ததும் கொல்லரிடம் போனேன். புதிதாகக் கூரை போட்டிருந்தார்கள், உலை மூட்டவில்லை.

"ஆபீசுக்குக் கடுதாசி எழுதினதும் நான்தான்," என்றேன்.

"தெரியும். அந்தக் கடையில இங்கிலீசு தெரிஞ்சவன் வேற எவன் கீறான்?"

"சம்மட்டி அடிக்க வந்திருக்கிறேன். கூலி வேண்டாம்."

அவர் மனைவி சிரித்தார். "பேனா புடிச்ச கை. அர நாளு தாங்குமா இது?"

கொல்லர் சிரிக்கவில்லை. "எந்தக் கையில எழுதின?"

வலக்கையைக் காட்டினேன்.

"வை."

பட்டடைக் கல்மேல் வைத்தேன். இடக்கையால் சின்னச் சுத்தியை எடுத்தார். அடிக்கமாட்டார் என்று நினைத்தேன், உண்மையைச் சொல்வதென்றால் அந்த நம்பிக்கையில்தான் வைத்தேன். அவர் அடித்தார். சுண்டுவிரல் நசுங்கிக் கல்லோடு ஒட்டிக்கொண்டது. நான் அங்கேயே வாந்தி எடுத்தேன். சுத்தி மறுபடி உயர்ந்தபோது அவர் மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் விடு. எல்லாத்தயும் ஒடைச்சிட்டா சம்மட்டி யாரு புடிப்பா?"

அவர் சுத்தியைக் கீழே போட்டார். "சம்மட்டிக்கு ஒம்போது வெரலு போதும். காயம் ஆறினதும் வரச் சொல்லு," என்றார், என்னிடம் அல்ல, மனைவியிடம்.

போனேன். உலை வேலையில் சம்மட்டிக்காரன் தானாக அடிப்பதில்லை. கொல்லர் சின்னச் சுத்தியால் எங்கே தட்டுகிறாரோ அங்கே சம்மட்டி விழ வேண்டும். வழக்கமாகக் கொல்லர் ஒரு கையில் குறடும் மறு கையில் சுத்தியுமாக இருப்பார். இவருக்கு ஒரு கைதான். ஆகவே மனைவி குறட்டால் இரும்பைப் பிடிக்க, அவர் இடக்கையால் தட்டிக் காட்ட, நான் அடித்தேன். பல நாள் தவறான இடத்தில் அடித்தேன். ஒருமுறை சம்மட்டி வழுக்கிக் குறட்டில் பட்டு அந்த அம்மாளின் கை ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. அப்போதும் கொல்லர் என்னைத் திட்டவில்லை. வேலைக்கு வேண்டிய சொல்லைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

சுரங்க ஏலத்தில் கொஞ்சம் கம்பியைக் கொல்லர் பெயரிலேயே சீட்டோடு எடுத்து, ஆணியை மறுபடி இரண்டணாவுக்குக் கொடுத்தோம். கடையில் விலை மூன்றணாவுக்கு இறங்கியது, ஒற்றையாகவும் விற்றார்கள். பல் போன வண்டிக்காரர் ஒற்றை மாடு பூட்டிய சின்ன வண்டியோடு எங்கள் உலைக்கு வருவார். ஆணியைக் கொல்லரிடம் வாங்கிக்கொண்டு, போகும்போது என் காலருகே எச்சில் துப்புவார். ஒருமுறைகூட மறந்ததில்லை.

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தது. லோடு வண்டிகள் குறைந்தன, ஆணிக்கும் வேலையில்லை. கொல்லரும் மனைவியும் ஆம்பூர்ப் பக்கம் உறவினரிடம் போவதாக முடிவு செய்தார்கள். பட்டடைக் கல்லை நான்தான் வண்டியில் ஏற்றினேன். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து, "விரலு மழக்காலத்துல குத்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவுருக்கும் குத்துது," என்றார்.

கொல்லர் ஏற வந்தபோது நான் கையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு இடக்கையால் வண்டியின் பக்கத்து முளைக்கம்பைப் பற்றிக்கொண்டு, இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவையில் தானே ஏறிக்கொண்டார்.