பெட்டிக்குள் இருந்த சாமி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளுக்கு ஊரிலிருந்து புதுக் குடும்பம் வருகிறது என்றால் வீரம்மா பெரியம்மாவுக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. தூக்குவாளியில் கஞ்சியும் இடுப்பில் சொருகிய ஒரு சின்னக் கத்தியுமாக ஸ்டேஷனில் போய் நிற்பாள். கஞ்சி பிள்ளைகளுக்கு. கத்தி, பெட்டியைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுப்பதற்கு.

இந்த வேலைக்கு அவளை யாரும் வைக்கவில்லை. அவள் புருஷன் நாகையா, ரயிலைத் தடம் மாற்றிவிடும் வேலை பார்த்தார். அவள் பாட்டுக்குச் சோறாக்கிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் கைக்குழந்தையோடு வந்து இறங்கும் பெண்கள், எந்தத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டும், பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் கண்டால் கொய்னா மாத்திரைக்கு எங்கே ஓட வேண்டும் என்று தெரியாமல் விழிப்பதை அவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாசாரில், அதாவது சந்தையில், பாலுக்கு மலாய் மொழியில் 'சூசு' என்றும் தண்ணீருக்கு 'ஆயர்' என்றும் கேட்கச் சொல்லிக்கொடுப்பாள். சொன்னபடி செய்யாவிட்டால் திட்டுவாள். அந்தத் திட்டு லயத்தின் கடைசி வீடு வரை கேட்கும்.

"பெக்காதவளுக்கு என்ன தெரியும்?" என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. அவள் விடுவாளா? தேடிப்பிடித்து, "பெக்கலன்னா கண்ணு தெரியாதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வருவாள்.

நாங்கள் 1921-இல் வந்தோம். அப்பா கன்னையா முன்பே ஒரு தடவை தனியாக வந்து ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து எங்களையும் அழைத்துக்கொண்டு நாகப்பட்டணத்தில் கப்பலேறினார். எனக்கு அப்போது ஐந்து வயது. தம்பி பக்கிரிசாமிக்கு எட்டு மாதம். ஸ்டேஷனில் பெரியம்மா அம்மாவின் இடுப்பிலிருந்து தம்பியை வாங்கினாள் என்று சொல்ல மாட்டேன், பிடுங்கினாள். அவன் வயிறு நிறைந்த பிறகுதான் எங்கள் பெயரையே கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் தகரப் பெட்டியின் கயிற்றில் கத்தியை வைத்தாள். அப்பா பாய்ந்து வந்து தடுத்தார்.

"கயித்த அறுக்காதீங்கக்கா. மூணு வருசத்துல திரும்பிப் போறோம்."

"போறப்ப வேற கயிறு கெடைக்காதா? புள்ள துணி காயப்போடக் கொடி வேணாமா?"

"அதுக்குள்ள எங்க சாமி இருக்குக்கா. அத இந்த ஊர்ல எறக்கக்கூடாது."

சாமி என்று அவர் சொன்னது பிடிமண்ணை. ஊரை விட்டுப் போகிறவர்கள் குலதெய்வக் கோயிலில் ஒரு பிடி மண்ணெடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோவார்கள். போன இடத்தில் அதைத் தரையில் இறக்கி வைத்துக் கும்பிட்டால் சாமி அங்கேயே குடிவந்துவிடும். சாமி குடிவந்த இடத்தை விட்டு மனிதர்கள் எழுந்து போக முடியுமா? அதனால் பெட்டி அப்படியே மூலையில் இருந்தது. அம்மாவின் கல்யாணப் புடவை, பித்தளைச் செம்பு எல்லாம் அதற்குள் கிடந்தன. நாங்கள் மூட்டையில் வந்த துணியை உடுத்திக் காலம் தள்ளினோம். அம்மா சீதாலெட்சுமி வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கட்டிய பெட்டிக்கு முன்னால் விளக்கேற்றினாள்.

மூன்று வருஷம் போயிற்று. நான்காவது வருஷமும் போயிற்று. அப்பா மட்டும் "அடுத்த வருசம்" என்று சொல்வதை நிறுத்தவில்லை. தம்பியின் முதல் முடி ஊரில் இருக்கும் ஐயனாருக்கு நேர்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து கத்தி படவில்லை. இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் அது வேர்த்து, நனைந்து, சிக்குப்பிடித்து, முதுகு வரை கயிறு கயிறாகத் தொங்கியது. லயத்துப் பிள்ளைகள் அவனைச் சேர்த்துக்கொள்ளாமல் விரட்டினார்கள். நானும் ஒருநாள் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1925 மழைக்காலத்தில் தலை முழுக்கப் புண் வந்தது. முதலில் சொறிந்தான், பிறகு சீழ் வைத்தது, பிறகு காய்ச்சல். பெரியம்மா அம்மாவை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து கட்டும் டிரெசர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முடிய எடுத்தாத்தான் மருந்து புண்ணுல படும். எடுக்காமக் கூட்டிட்டு வந்தா நான் என்னம்மா பண்றது? வெஷம் உள்ள எறங்கிருச்சுன்னா புள்ள தாங்காது."

அப்பா அசையவில்லை. "சாமி முடிய இங்க எடுத்தா புள்ளைக்கு ஆகாது" என்றார்.

"எடுக்காட்டி ஆகிருமா?" என்று கேட்டாள் பெரியம்மா.

அம்மா இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை செத்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், சாமிக் குத்தம் ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். நடுவில் கிடந்து அவள் உருகியதை நான் பார்த்தேன்.

காய்ச்சலின் மூன்றாம் நாள் காலையில் தம்பி கஞ்சி குடிக்கவில்லை. என்னை யாரென்று கேட்டான். பெரியம்மா வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடனே போய், முடிவெட்டும் அய்யாவு அண்ணனைக் கையோடு கூட்டி வந்தாள். வாசலில் அப்பா குறுக்கே நின்றார்.

"கன்னையா, நான் சாமிய வேணாம்னு சொல்லல" என்றாள் பெரியம்மா. குரலைத் தாழ்த்தி அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "பொட்டியத் தொற. மண்ண எடுத்து லயத்துக்குப் பின்னால இருக்குற மரத்தடியில வச்சுக் கும்புடுவோம். ஒங்க சாமி முன்னாலயே முடி எறக்குவோம். நேர்த்தியும் தீரும், புள்ளையும் பொழைப்பான். இதுல என்ன கொற?"

நியாயமான பேச்சு. அம்மாவின் முகம்கூடத் தெளிந்தது. அப்பாதான் இன்னும் முரண்டு பிடித்தார். "பொட்டியத் தொறக்கக்கூடாது. சொன்னாக் கேளுங்க" என்று கத்தினார். அந்தக் கத்தலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று எனக்குப் புரியவில்லை. பெரியம்மாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போய், நான்கு வருஷமாக அறுக்காமல் விட்ட கயிற்றை அறுத்தாள்.

அம்மா புடவையைத் தூக்கிப் போட்டாள், செம்பைத் தூக்கிப் போட்டாள். அடியில் மஞ்சள் துணி இருந்தது. முடிச்சும் இருந்தது. கையில் எடுத்தாள். அதில் கனமே இல்லை. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு துகள்கூட இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றார் அப்பா. தரையைப் பார்த்தபடி சொன்னார். "சாமியும் கூட வந்துட்டா இங்கயே தங்கிருவோமோன்னு பயமா இருந்திச்சு. நாகப்பட்டணத்துல கப்பலேறுறதுக்கு முன்னால கடல்ல கொட்டிட்டேன்."

அப்பா மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வீட்டை விட்டு வந்த மனுஷனுக்குப் பயம் இருக்காதா, இருக்கும். அதற்காக ஒருத்தியை வெள்ளிக்கிழமை தோறும் ஏமாற்றலாமா?

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். "நாலு வருசமா வெறுந்துணிக்கா வெளக்கேத்துனேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அந்தத் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். லயத்துக்குப் பின்னால், செங்கல் அறுக்க மண் தோண்டிய பழைய பள்ளம் ஒன்று உண்டு. மழைச்சேற்றில் முழங்கால் வரை இறங்கி ஒரு பிடி களிமண்ணை எடுத்தாள். மஞ்சள் துணியில் வைத்தாள். கரையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு செங்கல்லை நிறுத்தி அதன் முன்னால் அந்த மண்ணை இறக்கினாள். அடுப்புக்கு எதிரில்கூடக் குரல் உயர்த்தாத என் அம்மா, லயமே கேட்கும்படி பேசினாள்.

"ஐயனாரே, நீ கப்பலேறல. நான் ஏறிட்டேன். என் புள்ள இந்த மண்ணுலதான் தவழ்ந்தான், இந்த மண்ணுலதான் நடந்தான். ஒனக்கு அவன் முடி வேணும்னா இங்க வா."

அய்யாவு அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார். "பாவம் எனக்கு வந்துருமோ அக்கா?" என்றார்.

"வந்தா எங்கிட்ட அனுப்பு. நீ கத்திய எடு" என்றாள் பெரியம்மா.

தம்பியின் தலையை மடியில் பிடித்துக்கொண்டு அவளே உட்கார்ந்தாள். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. கீழே இருந்த புண்ணைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அங்கிருந்தே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். காய்ச்சல் மேலும் நான்கு நாள் அடித்தது. அந்த நான்கு நாளும், "பாத்தீங்களா, சாமி கோவிச்சுக்கிச்சு" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பெரியம்மா எங்கள் வாசலில் உட்கார்ந்து, பேசினவர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "எங்கிட்ட வந்து சொல்லு" என்றாள். யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் பக்கிரிசாமி கஞ்சி கேட்டான். ஒரு தூக்குவாளியை முடித்துவிட்டு இன்னும் கேட்டான். அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். அவர் அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது.

அறுத்த கயிறு எங்கள் வீட்டுக் கொடியானது. 'அடுத்த வருசம்' என்ற பேச்சு அதோடு நின்றது.

அடுத்த மாதமே மரத்தடியில் இன்னும் மூன்று செங்கல் முளைத்தன. பெட்டியடியில் பிடிமண்ணைப் பூட்டி வைத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து இறக்கினார்கள். சிக்குத்தலைப் பிள்ளைகளெல்லாம் மொட்டைத்தலையாக ஓடின. ரயில்வே நிலத்தில் கல்லை நடக்கூடாது, எடு என்று கூலிகளை மேய்க்கும் மண்டோர் வந்து அதட்டினார். "நீயே எடுத்துப் போடேன்" என்றாள் பெரியம்மா. நாலு ஊர் ஐயனாரையும் காளியையும் தொட்டுத் தூக்க அவருக்குத் தைரியம் இல்லை. அதன் பிறகு ஸ்டேஷனில் இறங்கும் குடும்பங்களை அவள் நேரே அந்த மரத்தடிக்குத்தான் கூட்டிவந்தாள். கயிற்றை அங்கேயே அறுத்தாள்.

எனக்குக் கிள்ளானில் கல்யாணமாயிற்று. 1938-இல் என் மகனுக்கு முதல் முடி எடுக்க வேண்டி வந்தது. என் வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன், "ஒங்க வீட்டு வழக்கம் என்ன மாமா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து மண்ணு எடுத்துட்டு வரணும்" என்றார்.

அவரே மரத்தடியில் குனிந்து ஒரு பிடி எடுத்தார், மஞ்சள் துணியில் முடிந்தார். எங்களை வழியனுப்பப் பெரியம்மா ஸ்டேஷனுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது, இடுப்பில் கத்தி அப்படியே இருந்தது. வண்டி நகரும்போது ஜன்னலோரம் வந்து, ரயில் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கன்னையா, கிள்ளான்லயும் கடலு பக்கந்தான். இந்தத் தடவ கொட்டிறாத."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கிள்ளானில் வண்டி நின்று, நாங்கள் இறங்கி வீடு போய்ச் சேரும் வரை அந்த முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார்.