பாட்டை மறைத்த ஏலக்காய் லேபிள்

நான் நான்காம் வகுப்புக்குப் போன ஆண்டு பள்ளிக்கூடம் திறந்தது, புத்தகம் வரவில்லை. அப்போதுதான் ஆட்சி மாறியிருந்தது. பழைய ஆட்சி அச்சடித்து வைத்த புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று சென்னையில் வழக்கு. போடியில் இருந்த எங்களுக்கு அதைவிடப் பெரிய கொண்டாட்டம் வேறு இல்லை. வாரக்கணக்கில் வெறும் பையை ஆட்டிக்கொண்டு போய், கதை கேட்டு, வாய்ப்பாடு கத்தி, மதியம் முட்டை சாப்பிட்டுத் திரும்பினோம். நீதிமன்றம் என்பது பிள்ளைகளுக்கு லீவு விடுகிற இடம் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஒரு வழியாகப் புத்தகம் வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. இன்னின்ன பக்கத்தை மறைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் தமிழ்ப் புத்தகத்தில் மறைக்க வேண்டியது ஒரே ஒரு பாட்டு. அதில் மழையையும் ஒரு கன்றுக்குட்டியையும் தவிர யாரும் கிடையாது. கன்றுக்குட்டி எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. எழுதியவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதுதான் பிரச்சினை என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஒட்டுவதற்கு அனுப்பிய தாள் மூன்றாம் வகுப்போடு தீர்ந்துபோனது. எங்கள் தலைமையாசிரியை, நாங்கள் பெரிய டீச்சர் என்று கூப்பிடுகிறவர், வகுப்புக்கு வந்து, "வீட்டுல ஒட்டுறதுக்குத் தாளு இருந்தா கொண்டாங்க" என்றார். நான் எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கினேன்.

எங்கம்மா அப்போது ஒரு ஏலக்காய்க் குடோனில் காய் தரம் பிரிக்கிற வேலை பார்த்தாள். பள்ளி விட்டதும் நானும் அங்கேதான் போவேன். பைகளில் லேபிள் ஒட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. சுருக்கம் விழாமல், காற்றுக் குமிழி நிற்காமல், ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே போக வேண்டும். அதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. கடையின் போன் நம்பர் மாறிவிட்டதால் பழைய லேபிள் ஒரு கட்டு மூலையில் கிடந்தது. அம்மா போய்க் கேட்டாள். முதலாளி தலையை நிமிர்த்தாமலே, "புள்ளைக படிக்கத்தான, எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

இப்படித்தான் எங்கள் வகுப்பில் எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பாட்டின் மேல் பச்சை ஏலக்காய்ப் படமும், 'முதல் தரம்' என்ற எழுத்தும், கீழே முதலாளியின் கடைப் பெயரும் ஏறின. பாதிக்கு மேல் ஒட்டியது நான்தான். பெரிய டீச்சர் ஒன்றைத் தடவிப் பார்த்து, "ஆத்தாடி, என்னா நறுவிசு!" என்றார். எனக்குத் தரை தட்டுப்படவில்லை.

ஆனால் மறைத்து வைத்ததைப் பார்க்காமல் இருக்கப் பிள்ளைகளால் முடியுமா? பாட்டு இருந்த தாளின் பின்பக்கம் காலி. ஜன்னல் வெயிலுக்கு நேராகப் பிடித்தால் லேபிளுக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மற்றப் பாடங்களை டீச்சர்கள் தொண்டை வற்றக் கற்றுக்கொடுத்தும் ஏறவில்லை. யாரும் கற்றுக்கொடுக்காத இந்தப் பாட்டு ஒரே வாரத்தில் வகுப்புக்கே மனப்பாடம்.

என் சித்தப்பா உள்ளூர் கேபிள் டி.வி.யில் கேமராமேன். திருவிழா, கல்யாணம், குடிநீர்க் குழாய் உடைப்பு, எல்லாவற்றுக்கும் அவர்தான். 'பள்ளிகளுக்குப் புத்தகம் வந்தது' என்று ஒரு செய்திக்காக எங்கள் பள்ளிக்கு வந்தவர், அண்ணன் மகளை டி.வி.யில் காட்டும் ஆசையில் கேமராவை என் பக்கம் திருப்பினார்.

"புத்தகத்தைக் காட்டுத்தா. இதென்ன, ஏலக்கா?"

"லேபிளு சித்தப்பா. நாந்தான் ஒட்டுனேன்."

"அடியில என்ன இருக்கு?"

அதற்குத்தானே காத்திருந்தேன். கைகட்டி நின்று, ஒரு வரி விடாமல் முழுப் பாட்டையும் பாடினேன். பின்னால் வகுப்பே சேர்ந்துகொண்டது. சித்தப்பா புத்தகத்தில் இருந்த லேபிளை நெருக்கமாக எடுத்துக்கொண்டே இருந்தார். மாலைச் செய்தியில் அது வந்தபோது எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீடெல்லாம் கூட்டம். என் கன்னம் அன்றைக்குக் கிள்ளுப்பட்டே சிவந்தது.

சித்தப்பா எடுத்தது என்னைத்தான். டி.வி. நடத்தியவர் போட்ட தலைப்புதான் வேறு: 'தடை செய்த பாட்டைப் பாடும் மாணவர்கள், அரசுப் புத்தகத்தில் ஏலக்காய் விளம்பரம்.' மறுநாள் ஒரு கட்சிக்காரர்கள் பிள்ளைகளைப் பாராட்ட மாலையோடு பள்ளிக்கு வந்தார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் மனுவோடு கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். பெரிய டீச்சருக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. முதலாளியிடமும், "நீங்க எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் நான் குடோனில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி எங்கம்மாவைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வந்த சித்தப்பாவும் உள்ளே போனார். மேசை மேல் எழுதி வைத்த ஒரு தாள். முதலாளி பேனாவை நீட்டுகிறார், அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. மகள் டி.வி.யில் வந்துவிட்டாள் அல்லவா, அதனால் தாயிடம் ஆட்டோகிராஃப் கேட்கிறார். கையெழுத்துப் போட எங்கம்மாவுக்கு என்ன இவ்வளவு கிராக்கி என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

உள்ளே நடந்ததை நான் கல்லூரிக்குப் போன பிறகு சித்தப்பா சொன்னார். லேபிள் கொண்டுவரச் சொல்லி வற்புறுத்தியதும், பாட்டைப் பாடச் சொல்லிக்கொடுத்ததும் பெரிய டீச்சர்தான் என்று அந்தத் தாளில் இருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டால் முதலாளி தப்பித்துக்கொள்வார், டீச்சரின் வேலை போய்விடும்.

"போட்ரு மதினி, நமக்கெதுக்கு வம்பு" என்று சித்தப்பாவே கெஞ்சியிருக்கிறார்.

அம்மா முதலாளியைப் பார்த்துச் சொன்னாளாம்: "ஒட்டச் சொன்னாக, ஒட்டுனோம். லேபிள நீங்க குடுத்தீக, நான் வாங்குனேன். எம்மக வெயில்ல புடிச்சு அவளாப் படிச்சிருக்கா. படிச்சது குத்தம்னா அவளப் பெத்தவ எம்பேர எழுதுங்க, போடுறேன். டீச்சர் பேருக்குக் கீழ போட மாட்டேன்."

சாட்சிக் கையெழுத்து இல்லாத புகார் ஏதோ ஒரு கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பெரிய டீச்சர் ஓய்வு பெறும்வரை எங்கள் பள்ளியிலேயே இருந்தார். அம்மாவைத்தான் மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு குடோன்களிலும் அவளைச் சேர்க்கவில்லை.

அந்த வாரமே அவள் விடியற்காலை ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகத் தொடங்கினாள். நிழலில் உட்கார்ந்து தரம் பிரித்தவள், மழையில் குனிந்து செடி செடியாகப் போனாள். சாயங்காலம் அட்டை கடித்த காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஏம்மா மலைக்குப் போற என்று கேட்டால், "மலைக்காத்து ஒடம்புக்கு நல்லதுத்தா" என்பாள். நான் நம்பினேன். எங்கம்மா தினமும் கேரளாவுக்குப் போய் வருகிறாள் என்று வெளிநாடு போகிறவளைப் போல வகுப்பில் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். இன்றைக்கும் அவளைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறேன், காரணம்தான் வேறு.

ஒன்று மட்டும் அப்போதே என் கண்ணில் பட்டிருந்தது. அதற்குப் பிறகு எப்போது அம்மா பள்ளிக்கு வந்தாலும், என் மார்க் அட்டையில் கையெழுத்துப் போட வந்தாலும்கூட, பெரிய டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிடுவார். அம்மா கூச்சத்தில், "உக்காருங்க டீச்சர், உக்காருங்க" என்பாள். அம்மா உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். கல்வி அதிகாரி வந்தபோதுகூட அவ்வளவு நேரம் நின்றதில்லை.

நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை, அதற்காகத்தான் டீச்சர் எழுந்து நின்றார் என்று சித்தப்பா சொல்கிறவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.