நாலு மணியிலேயே நின்ற கடிகாரம்

சர்க்கரை நோயில் பூவாத்தாளுக்குப் பார்வை போய் ஆறு வருடமாகிறது. கணவர் சென்னியப்பன் வால்பாறை எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்தவர். பங்களாவில் கழித்துப்போட்ட பழைய ஜெர்மன் சுவர்க் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிவந்து, சோமனூர் வீட்டில் மாட்டினார். அதன் பக்கத்தில் ஒரு கயிறு தொங்கும். இழுத்தால், கடைசியாக அடித்த மணியை மறுபடியும் அடிக்கும்.

"மணி என்னாச்சுன்னு ஆருகிட்டயும் கேக்க வேண்டாம் அம்மணி. இதை இழு, போதும்" என்றார்.

ஓடுவதற்கு ஒரு சுருள்வில், மணியடிக்க இன்னொன்று. ஞாயிறுதோறும் இரண்டுக்கும் அவரே சாவி கொடுப்பார். கொடுத்தால் எட்டு நாள் வரும்.

அன்று திங்கட்கிழமை. நாலு அடித்ததும், "மோட்டாரை நிறுத்திப்போட்டு வாரேன்" என்று கொல்லைப்பக்கம் போனார். பூவாத்தாள் தடவித் தடவி டீ போட்டு வைத்தாள்.

பக்கத்து விசைத்தறி ஷெட்டில் பதினாறு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் கடிகாரத்தின் மணியோசை மட்டும்தான் கேட்கும். கயிற்றை இழுத்தாள். நாலு. வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி இழுத்தாள். நாலு. டம்ளரைத் தொட்டாள், ஜில்லென்றிருந்தது. 'இன்னும் அஞ்சு ஆகலையே' என்று கடிகாரத்தையே நம்பினாள்.

திடீரென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன. அந்த அமைதியில் டிக் டிக் ஓசை இல்லை.

"ஏனுங்க! ஏனுங்க!" சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அவள் கால் அவர்மேல் இடறியது. உடம்பு சில்லிட்டிருந்தது. அப்போது மணி ஆறரை என்று தறிக்காரர்கள் சொன்னார்கள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

காரியம் முடிந்தபின் மகள் மோகனப்பிரியா கடிகாரத்தைத் திறந்து பார்த்தாள்.

"அடிக்கற வில்லு மட்டும் முறுக்கா இருக்கும்மா. ஓடறதுக்குச் சாவியே குடுக்கல."

பூவாத்தாள் கயிற்றைத் தடவிப் பிடித்தாள்.

"ஞாயித்துக்கெழம சாவி குடுக்கையில பாதியில ஸ்டூலை விட்டு எறங்கிட்டாரு கண்ணு. கை வலிக்குதுன்னாரு. தைலம் தேச்சுக்கோங்கன்னு சொல்லிப்போட்டு, நான் பாட்டுக்குப் பூண்டு உரிச்சுட்டு இருந்தேன்."

மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வலது கையா, இடது கையான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கோணும்."

மோகனப்பிரியா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.