ஜோத்தம் லீரி போட்ட ஓட்டு

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் எங்கள் கென்டக்கி ஊர்க் கோர்ட்டில் 1826ஆம் ஆண்டு ஓட்டுப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். கடைசி வரியில் மை கரைந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபின் நான் வக்கீல் க்ரட்சர் வீட்டில் வேலைக்காரப் பெண்ணாக இருந்தேன். அந்த ஆகஸ்டில் அவர் சட்டசபைத் தேர்தலில் நின்றார். எங்கள் ஊரில் ஓட்டு என்றால் எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்வதுதான். அங்கேயே உட்கார்ந்திருக்கும் வேட்பாளர், தனக்கு ஓட்டு விழுந்தால் எழுந்து, கை குலுக்கி, நன்றி சொல்ல வேண்டும். ஓட்டு நாள் காலை அவர் கோட்டின் வலது கையில், பெயரெழுத்துப் பொறித்த பித்தளைப் பொத்தான் அறுந்து தொங்கியது. தைத்தேன். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதால் நீல நூல்.

மாலை 5:50. வக்கீலுக்கு 211. எதிர்த்து நின்ற கர்னல் மேபரிக்கும் 211. ஆறு மணிக்கு ஓட்டு முடிந்துவிடும். ஓட்டுக்காரர்களுக்கான விஸ்கி ஜாடியோடு நான் கோர்ட்டுக் கதவோரம் நின்றேன்.

"ஏய் ஊமை! சிந்தினே, தோலை உரிச்சிடுவேன்" என்றார் வக்கீல். நான் அதிகம் பேசாததால் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

5:56. ஒருவன் உள்ளே வந்தான். நாற்பது நாளாக மழை இல்லை. அவன் பூட்ஸிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்...

"பேரு?" என்றார் ஷெரிஃப்.

"ஜோத்தம் லீரி."

"என்ன லீரி, மிசௌரி உன்னைத் துப்பிடுச்சா?" ஷெரிஃப் கேட்க, கூட்டம் சிரித்தது.

மார்ச்சில் லீரி தன் நிலத்தை வக்கீலுக்கு விற்றுவிட்டு மிசௌரி மாநிலத்துக்குப் போனதாகக் கோர்ட்டில் சத்தியம் செய்தவர் அதே வக்கீல்தான்.

"ஊரை விட்டுப் போனவனுக்கு ஏதுய்யா ஓட்டு?" கத்தினார் கர்னல்.

"நான் போகவே இல்ல."

"யாருக்கு ஓட்டு?" என்றார் ஷெரிஃப்.

"க்ரட்சருக்கு."

வக்கீல் எழவில்லை. முகம் சுண்ணாம்பு.

"எந்திரிங்க வக்கீலய்யா! ஜெயிக்க வச்சவன் கையைத் தொட வலிக்குதா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

எழுந்தார். கை நீட்டினார்.

"நன்றி... லீரி."

அவன் விடவில்லை.

கோர்ட்டுக் கடிகாரம் ஆறு அடித்தது.

லீரி நின்ற இடத்தில் யாருமில்லை. தரையிலும் ஓட்டுப் புத்தகத்தின் கடைசி வரியிலும் தண்ணீர் மட்டும்.

வீட்டில் அவர் கோட்டைத் தூசி தட்டினேன். வலது கை நனைந்திருந்தது. பொத்தான் இல்லை.

அக்டோபரில் மாவு மில் அணையில் தூர் வாரினார்கள். மார்ச் வெள்ளம் கொட்டி, அதன்பின் யாரும் கிளறாத ஆறடிச் சேற்றுக்கு அடியில் லீரி கிடந்தான். மண்டையில் கோடாலி வெட்டு. எலும்புக் கைக்குள் ஒரு பொத்தான்.

"பொண்ணே, இது யாரோடது?" ஷெரிஃப் கேட்டார்.

"வக்கீலய்யாவோடது."

டிசம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதை எப்போது தைத்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

பொத்தானில் நீல நூல் இருந்தது.