பென்டிரைவ் விசாரணை

எதையும் திறந்து பார்க்காமல் என் கை நிற்காது. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் என் மனைவி முதலில் ஸ்குரூ டிரைவரை ஒளித்து வைப்பாள், பிறகுதான் விஷயத்தை என்னிடம் சொல்வாள். அப்படிப்பட்ட என்னை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் லேபுக்குப் பொறுப்பாளராக வைத்திருக்கிறார்கள். நூல் எவ்வளவு கனம், எவ்வளவு இழுத்தால் அறும் என்று அளக்கிற மிசின் அங்கே உண்டு. அதோடு ஒரு பழைய கம்ப்யூட்டரும் உண்டு. மிசினுக்கான புரோகிராம் அந்தப் பழசில் மட்டும்தான் ஓடும் என்பதால் அதை மாற்றவே முடியவில்லை. நெட் இணைப்பு கிடையாது. நெட் இல்லாத இடத்தில் வைரஸ் எப்படி வரும் என்று நானே பல பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு அந்தக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டோம். மில்லுக்குள் செல்போன் கொண்டுவரக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் ஆபீஸ் கேமராவில் படம் எடுத்து லேப் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். எங்கள் லேபில் ஹெல்பராக இருக்கும் அம்மாவுக்கு அந்தப் படங்கள் வேண்டும் என்று ஆசை. பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர், வ. புதுப்பட்டியிலிருந்து வருகிறவர். பட்டுச்சேலை கட்டி மிசின் பக்கத்தில் நின்று எடுத்த படமாம். ஒரு புதன்கிழமை பென்டிரைவோடு வந்து, “போட்டுக்கிடவா சார்?” என்று கேட்டார். “போட்டுக்கோங்க” என்றேன்.

மறுநாள் காலை மிசின் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் அம்பு போட்ட ஷார்ட்கட்டுகளாக மாறிக் கிடந்தன. எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை. லாரியில் ஏற வேண்டிய நூல், டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் குடோனில் நின்றது. மேனேஜர் வேகமாக வந்து, “யாரு இதுல பென்டிரைவ் போட்டது?” என்று கேட்டார்.

“ஹெல்பரம்மா நேத்து போட்டாங்க சார்” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் போட்டுக்கோங்க என்று சொன்னவன் நான் என்பதை விழுங்கிவிட்டேன். வாரம் தவறாமல் ரிப்போர்ட் எடுக்க நான் போடுகிற ஆபீஸ் பென்டிரைவோ என் நினைப்பிலேயே இல்லை. அந்த அம்மாவின் பென்டிரைவை மேனேஜர் வாங்கி டிராயரில் வைத்தார். வெள்ளிக்கிழமை காலை கேட்டிலேயே அவரை நிறுத்தி, விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் முடிவு சொல்வார்களாம், அநேகமாக வேலை போய்விடும் என்று லேபில் பேசிக்கொண்டார்கள். அவர் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால் அதைவிட ஆர்வம்தான் அதிகம் இருந்தது. நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்குள் இது எப்படி நுழைந்தது? வீட்டில் சாப்பிடும்போதும் போனில் அதையே படித்தேன். பென்டிரைவில் ஆட்டோரன் என்று ஒரு சிறிய கோப்பு மறைந்திருக்குமாம். இதைத் திற, அதை ஓட்டு என்று இரண்டு மூன்று வரி அதில் எழுதியிருக்கும். பழைய கம்ப்யூட்டர்கள் பென்டிரைவைத் திறந்த உடனே அந்த வரிகளை அப்படியே நிறைவேற்றிவிடும். எழுதியது யார், எதற்கு என்றெல்லாம் பார்ப்பதில்லை. வாசலில் யார் நின்றாலும் அடுப்படி வரைக்கும் கூட்டிப் போகிற வீடு மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. ஒரு காலத்தில் சிடி போட்டால் தானாகவே புரோகிராம் தொடங்கட்டும் என்று வசதிக்காகச் செய்து வைத்த ஏற்பாடாம் இது.

மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அந்தக் கோப்பு உண்டான தேதியைப் பார்த்தேன். மேனேஜர் டிராயரிலிருந்த பென்டிரைவில் புதன்கிழமை, மதியம் இரண்டேகால். அந்த அம்மா படங்களை அதில் ஏற்றிக்கொண்ட நேரம்தான். லேப் கம்ப்யூட்டரில் அதே கோப்பு சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது என்று காட்டியது. அதாவது நான்கு நாள் முந்தி. சில நாள் ஒளிந்திருந்துவிட்டுத்தான் இது வேலையைக் காட்டுமாம். கம்ப்யூட்டரின் கடிகாரம் தப்போ என்று அன்றைய ரிப்போர்ட்டுகளோடு ஒத்துப் பார்த்தேன். இருபது நிமிஷம் பின்னால் ஓடியது, தேதி சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மா கம்ப்யூட்டருக்கு வைரஸ் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறது.

அப்படியானால் சனிக்கிழமை யார் போட்டது? அன்று வார ரிப்போர்ட் எடுக்கிற நாள். சட்டைப் பையில் கை வைத்தேன், ஆபீஸ் பென்டிரைவ் அங்கேதான் இருந்தது. அதிலும் அந்தக் கோப்பு இருந்தது. முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலத் தேதி. அந்தச் சாயங்காலம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன். என் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டது இந்தப் பென்டிரைவில் கொண்டுபோய்த்தான்.

அப்போதும் என் புத்தி உடனே மேனேஜரிடம் போகவில்லை. உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பென்டிரைவில் இருந்ததை எல்லாம் அழித்து, வார விடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அதே கடை, அதே கம்ப்யூட்டர். சும்மா ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துவிட்டு மில்லுக்கு வந்து, லேப் கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் பொத்தானை அமுக்கிக்கொண்டே செருகினேன். அப்படிச் செய்தால் அந்த ஒரு தடவை எதுவும் தானாக ஓடாது. கோப்பு மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தது, கடையில் நான் பிரிண்ட் எடுத்த அதே நேரத்தோடு. பயப்படுவதற்குப் பதிலாக எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “அண்ணே, அது எல்லா பென்டிரைவ்லயும் வரும், போவும். அதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் வந்தீயளா?” என்றார். அவர் கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்து, எந்த டிரைவைச் செருகினாலும் எதுவும் தானாகத் தொடங்காதபடி நிறுத்திக் கொடுத்தேன். லேப் கம்ப்யூட்டரிலும் அதையே செய்தேன். செட்டிங்கில் ஒரு இடத்தில் மாற்றினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. இத்தனை வருஷம் அதைச் செய்யாமல் இருந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டுக்கோங்க என்று சொன்னதையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விடுப்பா. ஒரு ஹெல்பர் போனா இன்னொரு ஹெல்பர் வருவா. உன்னை அனுப்பிட்டு நான் எங்க போயி ஆள் தேட?”

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை. பிறகு என் மேலேயே கோபம் வந்தது. மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்தேன். எழுத்தில் வந்துவிட்டால் மேனேஜரால் காணாதது மாதிரி இருக்க முடியாது. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். “திங்கக்கிழமை அந்தம்மாவை வரச் சொல்லு” என்றார்.

அன்றே வ. புதுப்பட்டிக்குப் போனேன். பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் வயலெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது. அவரும் நடவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார், கணுக்கால் வரை சேறு. வாசலில் நின்றபடியே ஆட்டோரன், தேதி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை என்று நான் கண்டுபிடித்ததை எல்லாம் விளக்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அந்தப் பென்டிரைவ் புதுசு சார். போட்டோவுக்குன்னே முந்துன நாள் வாங்குனது. கவரு கிழியலன்னு நீங்கதான கத்திரி எடுத்துக் குடுத்தீய. புதுசுக்குள்ள என்ன சார் இருக்கும்?”

கத்திரியைக் கொடுத்தது நன்றாக ஞாபகம் வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்லா” என்றார்.

ஒன்பது நாளில் நான் கம்ப்யூட்டரைக் கேட்டேன், கடிகாரத்தைக் கேட்டேன், கடைக்காரரைக்கூடக் கேட்டேன். “தப்பு என்னோடதும்மா. திங்கக்கிழமை வேலைக்கு வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

“வாரேன் சார். மில்லு பஸ்ஸுல இந்த ஊர்லேருந்து இருவது பேரு வாராவ. மிசினைக் கெடுத்தவன்னுதான் எல்லாரும் என்னைச் சொல்லுதாவ. அவியகிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

“நான்தான் கெடுத்தேன்னு சொல்லுங்க.”

“நான் சொன்னா நம்புவாவளா? நீங்க வந்து சொல்லுங்க.”

திங்கட்கிழமை விடியற்காலை வ. புதுப்பட்டியில் அந்த பஸ்ஸில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துத் திரும்பி நின்றேன்.