தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பாட்டில்கள்

என் தங்கையின் கணவருக்கு முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஸ்ரீரங்கத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில்தான் அந்தப் பாட்டில்களைப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில், அத்தனையும் காலி பிராந்தி பாட்டில்கள். கல்லீரல் கெட்டுத்தான் அவர் போனார். எல்லோரிடமும் மஞ்சள் காமாலை என்றே சொல்லியிருந்தாள் தங்கை. நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

பழைய பேப்பர்காரரைக் கூப்பிடலாம் என்றேன். தெருவே பார்க்கும் என்று மறுத்துவிட்டாள். தென்னூரில் இருக்கும் என் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் மடியில் கட்டைப்பையை வைத்துக்கொண்டு வருவாள். பாட்டில்கள் மோதிச் சத்தம் எழாமலிருக்க, இடையிடையே அவருடைய பழைய வேட்டிகளைச் செருகியிருப்பாள்.

அவற்றை அலங்காரப் பொருளாக்கும் யோசனை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் கைவேலை சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டுமே என்று நினைத்தேன். சோடா உப்பு கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் லேபிள் உரிந்துவிடும். கழுத்தில் சணல் கயிறு சுற்றி, மேலே பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு உள்ளே குட்டி சீரியல் விளக்கை இறக்குவோம். தங்கை மல்லிகைக் கொடி வரைவாள். அவளுக்கு அப்படி வரைய வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

வரைந்துகொண்டே பேசுவாள். இருபத்தைந்து வருஷம் சொல்லாததையெல்லாம் அந்தச் சனிக்கிழமைகளில்தான் சொன்னாள். ஒரு நாள் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "அவர் அடிச்சதே இல்லக்கா. அடிச்சிருந்தா யார்கிட்டயாவது சொல்லியிருப்பேன்" என்றாள்.

சென்னையில் வேலை பார்த்த அவள் மகளுக்கு வரன் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு வருகிற பெண்களுக்கு இந்த விளக்குகளையே கொடுக்கலாம் என்று தங்கை ஆசைப்பட்டாள். இரண்டு மாதம் இருவருமாக உட்கார்ந்து நாற்பது விளக்குகள் செய்தோம்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்த மகள், என் வீட்டுக் கூடத்தில் வரிசையாக இருந்தவற்றைப் பார்த்து முதலில் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். ஒன்றைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, அடிப்பக்கக் கண்ணாடியில் பதிந்திருந்த பிராந்திப் பெயரைப் பார்த்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது அப்பாவோடதுதானே?"

தங்கை போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா குடிச்சிட்டு எங்க வேணா போட்டுடுவார். நான் சென்னைக்குப் போற வரைக்கும் நான்தாம்மா எடுத்துட்டுப் போய் தொட்டிக்குப் பின்னாடி வைப்பேன். நீ பார்த்தா அழுவியேன்னு."

தங்கை அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள். பெயிண்டுக்கும் தூரிகைக்கும் யோசனை சொன்ன நான், அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. பத்தாவது படிக்கும்போது மொட்டைமாடியில்தான் படிப்பு வருகிறது என்று அவள் அடம்பிடித்ததும், நான் அதைப் பெருமையாக மற்றவர்களிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"வேணாம்னா வேணாம்டா கண்ணு" என்று மட்டும் தங்கை சொன்னாள்.

நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தோம். விளக்குகளைத் தங்கை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டாள். நான் உதவப் போனபோது வேண்டாம் என்று தலையசைத்தாள். கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. மகள் மாதம் ஒருமுறை வந்து போகிறாள். அம்மாவும் மகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் தங்கை இப்போது சனிக்கிழமைகளில் வருவதில்லை. வேறு ஏதாவது கைவேலை செய்யலாமே என்று இரண்டு முறை கூப்பிட்டேன். முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை என்கிறாள். நான் ஸ்ரீரங்கம் போனால் காபி கொடுப்பாள். வெயிலைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசுவோம். அவரைப் பற்றி அவள் வாய் திறப்பதில்லை. எப்படிக் கேட்பதென்று எனக்கும் தெரியவில்லை.