சிங்கராயர் வைத்த ருபார்ப் ஜாம்

ரங்கூனில் கீரை தெரிந்த ஆள் யார் என்று கேட்டால், சிங்கராயர் கொஞ்சமும் கூசாமல் தன் பெயரைத்தான் சொல்லுவார். துரை வீட்டுச் சமையலில் பன்னிரண்டு வருஷம். பங்களாவில் மிஞ்சியதில் ஒரு பங்கைத் தாமுவேயில் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பாத நாள் கிடையாது. மனைவி தெரேசா அதை ருசித்துச் சாப்பிடுவதாக ஊரெல்லாம் பீற்றிக்கொள்வார். மனுஷருக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

1926ஆம் வருஷம் தை மாதம் ஒரு காலையில், குளிர்ந்த மலையூரான மேமியோவிலிருந்து ரயிலில் ஒரு கூடை வந்து இறங்கியது. ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, கூடவே ருபார்ப் என்று ஒரு கட்டுச் செடி. அதைப் பார்த்ததும் துரைசாணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அம்மா சீமையில் வைக்கும் ஜாமாம். ஏழு வருஷமாக நாக்கில் படவில்லையாம்.

"சிங்கா, எல்லாம் சேர்த்து ஜாம் வை" என்று சொல்லிவிட்டுக் சர்ச்சுக்குப் போனாள்.

சிங்கராயர் கட்டை அவிழ்த்தார். சிவந்த தண்டு, அகன்ற இலை. தண்டைக் கடித்துப் பார்த்தார், நல்ல புளிப்பு. அட, நம்ம புளிச்சக்கீரைக்கு வெள்ளைக்காரத் தங்கச்சி! புளிச்சக்கீரையில் இலையைத்தானே ஆய்வோம்? அப்படியே ஆய்ந்தார். தண்டு முழுவதும் பால்காரர் குழந்தைவேலுவின் மாட்டுக்குப் போயிற்று. இலையில் பாதியை ஜாமுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைக் குழந்தைவேலுவிடமே கொடுத்தார்.

"தாமுவே பக்கம் போறப்ப வீட்டுல குடுத்துருப்பா. பருப்புப் போட்டுக் கடையச் சொல்லு."

நடுப்பகலில் துரைசாணி திரும்பி வந்தாள். நறுக்கி வைத்திருந்த இலையைப் பார்த்தாள்.

"தண்டு எங்கே?"

"மாட்டுக்குப் போட்டுட்டேம்மா."

அவள் முகம் வெளுத்தது. "சிங்கா, தண்டுதான் ஜாம்! இலை விஷம்! மீதி இலை எங்கே?"

சிங்கராயர் தெருவுக்குப் பாய்ந்தார். கைரிக்‌ஷாவில் ஏறினார். அதன் வேகம் போதாமல் பாதி வழியில் குதித்து, இழுத்தவரையே முந்திக்கொண்டு ஓடினார். 'மாதாவே, அவள விட்டுரு, வேணும்னா இந்த வாயை எடுத்துக்க' என்று வழியெல்லாம் வேண்டினார். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப்பார்க்கக்கூட முடியவில்லை.

தெரேசா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஏ தெரேசா, அந்தக் கீரையத் தின்னியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிச்சுக்காதீங்க. குழி தோண்டிப் புதைச்சுட்டேன்."

"ஒரு வாய் கூடவா திங்கல?"

"இன்னைக்கு மட்டும் இல்லீங்க. பங்களாச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கல. பன்னெண்டு வருஷமா அடுத்த வீட்டு நாய்தான் திங்குது. இந்தக் கீரைய அதுகூட மோந்துட்டுப் போயிருச்சு."

வேறு நாளாக இருந்தால் சிங்கராயர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார். அன்று படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "இனிமேலும் திங்காத தாயி" என்றார்.

நடந்ததைக் கேட்டுத் தெரேசா சிரித்தாள். வேலியோரம் சிவப்பாகக் காய்த்திருந்த சின்பவுங்கைக் காட்டினாள். புளிச்சக்கீரைக்குப் பர்மாக்காரர் வைத்த பேர் அது.

"புளிப்புத்தான வேணும்? இந்தக் காயோட சிவப்புத் தோலை உரிச்சு, கூடையில வந்த பழத்தோட போடுங்க. நான் வருஷா வருஷம் சீனி போட்டுக் கிண்டுறதுதான். நீங்கதான் பங்களாவுலயே தின்னுட்டு வந்துருவீங்களே."

அந்தக் கடைசி வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

பங்களா அடுப்பிலிருந்து ஜாம் செக்கச் செவேலென்று இறங்கியது. துரைசாணி ஒரு கரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மா ஜாம் இல்லை" என்றாள். பிறகு இன்னொரு கரண்டி கேட்டாள்.

அன்று சாயங்காலம் சிங்கராயர் வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்ன பாட்டில். தெரேசா விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"சீனி கூடிப்போச்சு" என்றாள்.

அவள் மூன்றாந்தரமும் விரலை விட்டதைப் பார்த்த பிறகுதான், அவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"என்ன ஆக்கி வச்சிருக்க? போடு" என்றார்.